நீல விளக்கு எரிந்தால்

"கழட்டுய்யா அத, மொதல்ல கழட்டு—"

"கழட்டறதுக்கா ஆணி அடிச்சேன்? நீ மொதல்ல சும்மா—"

"வெள்ளிக்கிழம அவங்க வந்து அமுக்கறப்போ செத்துக் கெடந்தா இன்னா சொல்லுவ? தூங்குதுன்னுவியா?"

"காலையில ரொப்பினேன்டி! பச்ச வெளக்கு எரிஞ்சத நீயும்தான பாத்த—"

"பாத்தேன். சாய்ங்காலம் செவப்பு எரியறதயும் பாத்துக்கினுதான் கீறேன்!"

இருவரும் மூச்சு வாங்க நிறுத்திய இடைவெளியில், கதவு நிலையில் தொங்கிய கறுப்புப் பெட்டி ஒரு பெண் குரலில், "லோ பேட்டரி, ப்ளீஸ் சார்ஜ்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது.

"பாரு, அவளே சொல்லிட்டா" என்றாள் சுந்தரம்மாள்.

அது கேமரா வைத்த காலிங் பெல். சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். மேலே ஒரு கண்ணாடிக் கண், கீழே அமுக்க ஒரு பொத்தான், ஓரத்தில் ஊசிமுனை அளவுக்கு ஓர் ஓட்டை. கம்பி கிடையாது. உள்ளே பேட்டரி, ஒரு சிம் கார்டு, அவ்வளவுதான். வாசலுக்கு யார் வந்தாலும் போனில் படம் தெரியும், இருந்த இடத்திலிருந்தே பேசலாம் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

உண்மையில் அந்த ஊரில் காலிங் பெல்லுக்கு வேலையே இல்லை. வருகிறவர்கள் ஓடை தாண்டும்போதே குரல் கொடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். வாசலுக்கு வந்து சேர்வதற்குள் பாதி விஷயம் பேசி முடிந்திருக்கும். அப்படியும் சுந்தரம்மாளின் கணவர் கோபால்சாமி அதை வாங்கியதற்குக் காரணம் பெல் இல்லை, கடை.

ஜமுனாமரத்தூரில் செல்போன் கடை வைத்திருக்கும் ஆனந்தனுக்கு அவர்கள் மகள் ரம்யாவைக் கேட்டிருந்தார்கள். பையனுக்குச் சம்மதம். வேலூரில் நர்சாக இருக்கும் ரம்யாவுக்கும் சம்மதம். "கட்னா அவரத்தாம்மா" என்று போனிலேயே சொல்லிவிட்டாள். பிறந்ததிலிருந்து இது வேண்டும் என்று எதையும் வாய்திறந்து கேட்காத பெண். பாக்கி இருந்தது பையனின் அம்மா மங்கம்மாள் ஒருத்திதான். வெள்ளிக்கிழமை வீடு பார்க்க வருகிறாள். ஏற்கெனவே ஒரு சம்பந்தத்தை டீ ஆறியிருந்தது என்றும், இன்னொன்றை வீட்டு நாய் தன்னைப் பார்த்துக் குரைத்தது என்றும் தட்டிக் கழித்தவள்.

ஆகவே சுந்தரம்மாள் நாயைத் தம்பி வீட்டுக்கு அனுப்பினாள். கோபால்சாமி வருங்கால மாப்பிள்ளையின் கடைக்குப் போய், இருப்பதிலேயே புதுசாக ஒன்றை வாங்கி வந்தார்.

"வாங்கறப்போ வேல செஞ்சுதா இல்லியா?"

"செஞ்சுதே! கடையில கெடந்த ஒரு போன்ல ஏத்திக் காட்டினான். என் மூஞ்சி பளிச்சுனு தெரிஞ்சுது."

"ஒருக்கா ரொப்பினா எத்தினி நாள் தாங்கும்னான்?"

"மாசக்கணக்குல தாங்கும்னான். இன்னும் இன்னாவோ சொன்னான். மாப்ள பேசறப்போ குறுக்க கேக்கறதான்னு தலய ஆட்டிட்டு வந்துட்டேன்."

"எங்கிட்ட மட்டும்தான் உனக்குத் தல ஆடாது. போய் அவனயே கேளேன்."

"இன்னா பேசற நீ? பொண்ணு குடுக்கறதுக்கு முன்னாடியே பொருளத் திருப்பிக் குடுக்கறதா? 'உன் கட சாமான் சரியில்ல'ன்னு மாப்ள மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு, அப்பால எந்த மூஞ்சிய வச்சிக்கினு தட்டு மாத்தறது?"

கோபால்சாமியிடம் இருப்பது பட்டன் போன். படம் பார்ப்பதெல்லாம் ரம்யா வந்து தன் போனில் ஏற்றிக்கொண்ட பிறகுதான். அவளுக்கும் லீவு வெள்ளிக்கிழமைதான் கிடைத்திருந்தது. அதுவரை அந்தப் பெட்டி உயிரோடு இருந்தால் போதும்.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுத் தீர்த்தகிரியைக் கூப்பிட்டார்கள். அவன் ஷேர் ஜீப் ஓட்டுகிறவன். ஜீப் ஓட்டுகிறவனுக்குத் தெரியாத பேட்டரியா?

"இன்னா அத்த இது, கண்ணு பூரா குங்குமம்?"

"புதுசா வூட்டுக்கு வந்த பொருளு. பொட்டு வைக்காம வுடுவாங்களா?"

"பொட்ட நெத்தியில வைக்கணும். நீ கண்ணுலயே வச்சிக்கீற. ஓட்டயில இன்னா, துன்னூறா?"

"பட்ட போட்டேன். கொஞ்சம் உள்ள பூந்துட்டு இருக்கும்."

"அதான். கண்ணும் தெரியாம காதும் கேக்காம அது தடவிக்கினே கெடக்குது. ஜீப்புல கண்ணாடி மறைச்சா ஆரன் அடிச்சிக்கினே ஓட்றமே, அந்த மாதிரி. பேட்டரி இன்னாத்துக்கு ஆவும்?"

தன் துண்டு நுனியை நனைத்துக் கண்ணைத் துடைத்தான். தையல் ஊசியால் ஓட்டையில் இருந்த திருநீற்றைத் தோண்டி எடுத்தான். கண் பளபளவென்று மீன் கண்ணாட்டம் ஆனது. பேட்டரியை நிரப்பி மாட்டினார்கள்.

முந்தின நாள் சாயங்காலம் வரை நின்றது, அன்றைக்கு மத்தியானத்திலேயே போய்விட்டது.

"பொட்ட அழிச்சா எந்த வூட்லதான்டா உசுரு நிக்கும்?" என்றாள் சுந்தரம்மாள்.

தீர்த்தகிரி அண்ணாந்து பார்த்தான். நிலைக்கு மேலே நாக்கைத் தொங்கப் போட்டபடி திருஷ்டி பொம்மை ஆடிக்கொண்டிருந்தது.

"தோ, கண்டுபுடிச்சிட்டேன். ஆளு அசைஞ்சா இது முழிச்சிக்கும் அத்த. இவன் நாள் பூரா அது மூஞ்சிக்கு எதிர்லயே ஆடிக்கினு கெடந்தா, அது எப்பதான் தூங்கறது? கழட்டிடு."

"மங்கம்மா வர்றப்பவா கழட்டச் சொல்ற? அவ கண்ணுக்குத்தான்டா அதயே மாட்டிக்கீறேன்!"

"மெதுவா பேசுடி" என்றார் கோபால்சாமி.

"இன்னாத்துக்கு மெதுவா? ஜமுனாமரத்தூருக்குக் கேக்கவா போவுது?"

பொம்மை இறங்கியது. கோழிகளைக் கூடையில் கவிழ்த்தார்கள். ஆடுகள் பின்பக்கம் போயின. வாசலில் அசையக் கூடியது என்று ஒரு துடைப்பம்கூட மிச்சமில்லை. அப்படியும் மறுநாள் வெயில் ஏறுவதற்குள், "லோ பேட்டரி" என்றாள் உள்ளே இருந்தவள்.

"அப்ப டவருதான்" என்றான் தீர்த்தகிரி, கொஞ்சமும் அசராமல். "மூலையில மாட்டிக்கீறீங்க. சிக்னலத் தேடித் தேடியே இளைச்சிப் போவுது. வெளியில மாட்டுங்க."

புளி தட்டுகிற களத்தில் பந்தல் கால் ஒன்று இருந்தது. அதில் மாட்டினார்கள். இப்போது அதன் கண்ணுக்கு நேரே வாசல், அடுப்படிக் கதவு, மாட்டுக் கொட்டகை, களத்தில் உட்கார்ந்து புளி தட்டும் பெண்கள் எல்லாம் இருந்தன. மாட்டிய சற்று நேரத்தில் பெட்டியின் ஓரத்தில், அதுவரை யாரும் கவனிக்காத ஒரு நீல விளக்கு எரிந்தது.

"இது இன்னாடா புதுசா நீலம்?"

"டவரு கெடச்ச சந்தோஷம் அத்த."

அந்த நீல விளக்கின் முன்னால்தான் அன்றைக்கு வாத்தியார் வீட்டு நாற்காலிகள் இரவலாக வந்து இறங்கின. அதன் முன்னால்தான் ஊர்க்காரர் சின்னராசுவின் கறவை மாடும் வந்து கொட்டகையில் நின்றது.

"கேட்டா நம்ம மாடுன்னே சொல்லு" என்றாள் சுந்தரம்மாள்.

"பேரு கேட்டா?"

"லட்சுமின்னு சொல்லு. எந்த மாடும் ஒத்துக்கும்."

வியாழக்கிழமையும் பேட்டரி நிற்கவில்லை. கோபால்சாமி அட்டைப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் உதவிக்கு என்று ஒரு நம்பர் போட்டிருந்தது. பெட்டியில் இருந்த சிம்முக்கு வீட்டிலேயே சிக்னல் கோடு வந்தது. கோபால்சாமியின் போனுக்கோ, வீட்டுக்கு மேலே இருக்கும் பாறையில் ஏறி நின்றால்தான். ஏறினார்.

"வணக்கம் சார். உங்களுக்கு எப்படி உதவலாம்?" என்றது ஓர் இளம் குரல்.

"பேட்டரி நிக்க மாட்டேங்குதும்மா. பொட்டத் தொடச்சோம், பொம்மயக் கழட்டினோம், எடத்தயும் மாத்தியாச்சு."

"பொம்மையா? சரிங்க சார். கேமரா முன்னாடி ஒருத்தர இந்தப் பக்கத்துலருந்து அந்தப் பக்கம் நடக்கச் சொல்லுங்க. என்ன கலர் லைட் எரியுதுன்னு பாத்துச் சொல்லுங்க."

கோபால்சாமி பாறையிலிருந்து கீழே பார்த்துக் கத்தினார். "சுந்தரம்! நடக்கச் சொல்றாங்க!"

"எங்க?"

"அது எதிர்ல! இங்கருந்து அங்க!"

"எப்பிடி?"

"ஆளு மாதிரி!"

"இத்தினி நாளா நான் இன்னா மாடு மாதிரியா நடந்தேன்?"

புளி தட்டிக்கொண்டிருந்தவர்கள் கோலை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். அவர்களில் ஒருத்தி, தீர்த்தகிரியின் மனைவி சுவேதா, "நாளைக்கு வரப்போறவங்க மாதிரி நட அத்த. அவங்களுக்குத்தான அது முழிச்சிக்கணும்?" என்றாள்.

சுந்தரம்மாள் புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகினாள். வாய்க்குள் இல்லாத வெற்றிலையை ஒரு கன்னத்தில் அடக்கினாள். இடுப்பில் கை வைத்து, பாரம் ஏற்றிய ஜீப் கொண்டை ஊசி வளைவில் திரும்புவதுபோல் இடதும் வலதுமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்தாள். பந்தல் காலருகே நின்று, மூக்கால், "டீ ஆறிப்போச்சேஏஏ... இந்த நாயி என்னப் பாத்துச் சிரிக்குதேஏஏ..." என்று இழுத்தாள்.

சுவேதா புளியோட்டுக் குவியல்மேல் சாய்ந்துவிட்டாள். மற்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொருக்கா! இன்னொருக்கா!" என்றார்கள். திரும்பிப் போகும்போது இன்னும் நன்றாகச் சாய்ந்தாள்.

"இன்னா வெளக்கு எரியுது?" என்று பாறையிலிருந்து குரல் வந்தது.

"நீலம்! நீலம்!"

"நீலம் எரியுதாம்மா" என்றார் கோபால்சாமி போனில்.

"நீலமா சார்? அப்ப பேட்டரி நல்லாத்தான் இருக்கு. நீல லைட் எரிஞ்சா என்ன அர்த்தம்னா சார், அந்த நேரத்துல—"

கோடு போய்விட்டது. பாறையின் எல்லா மூலையிலும் நின்று பார்த்தார். வரவில்லை. இறங்கி வந்தார்.

"இன்னா சொன்னா?"

"பேட்டரி நல்லாக்கீதாம். நீலம் எரிஞ்சா..."

"எரிஞ்சா?"

"அத்தோட அறுந்துட்டுது."

களத்தில் புளி அப்படியே கிடந்தது. நீலம் எரிந்தால் மழை வரும் என்றாள் ஒருத்தி. பெட்டிக்குள் இருக்கிறவளுக்குப் பசி என்றாள் சுவேதா. ஜீப்பில் நீலம் என்றால் ஹை பீம், எதிரே ஏதோ வருகிறது என்று அர்த்தம் என்றான் தீர்த்தகிரி. கோபால்சாமி தலையை ஆட்டினார்.

எல்லோரும் போன பிறகு, பொழுது சாய்கிற நேரத்தில், சுந்தரம்மாள் மட்டும் பந்தல் காலருகே வந்தாள். நிரப்பி மாட்டிய பெட்டியில் நீலம் எரிந்தபடி இருந்தது. கண்ணாடிக் கண்ணுக்குப் பக்கத்தில் தன் கண்ணை வைத்து உள்ளே பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை.

"யாருடி நீ? உனக்கு இன்னாதான் வோணும்?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள். "உன்ன ஒண்ணு கேக்கறேன். நாளைக்கு மட்டும் அவிஞ்சிடாத. எம்பொண்ணு வாயத் தொறந்து கேட்டது இது ஒண்ணுதான். அந்தம்மா நாற்காலியப் பாக்கட்டும், மாட்டப் பாக்கட்டும், இன்னா வோணா சொல்லட்டும். எம்பொண்ண வேணாம்னு மட்டும் சொல்லிடக் கூடாது. அவ இங்க சிரிச்ச மாதிரி அங்கயும் சிரிச்சிக்கினு கெடந்தா போதும் எனக்கு."

நீல விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அவள் முந்தானையால் அதன் கண்ணை ஒருமுறை துடைத்துவிட்டு உள்ளே போனாள்.

வெள்ளிக்கிழமை. சாணம் தெளித்த வாசலில் வாத்தியார் நாற்காலிகள் வரிசையாக நின்றன. லட்சுமி கொட்டகையில் அசை போட்டது. ஆறக் கூடாது என்று டீ மூன்றாவது தடவையாக அடுப்பில் ஏறியது. வருகிற நேரம் நெருங்க நெருங்க, பந்தல் காலில் பச்சை போய்ச் சிவப்பு மினுக்க ஆரம்பித்தது.

"இழுத்துக்கினு கீதுடி" என்றார் கோபால்சாமி. "அவங்க எதிர்ல உசுர வுட்டா அசிங்கம். இல்லாத பொருள யாரும் கொற சொல்ல முடியாது." தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பெட்டிமேல் போர்த்தினார்.

கொஞ்ச நேரத்தில், அவர்களை அழைத்துவரப் போயிருந்த தீர்த்தகிரியின் ஜீப் வந்தது. ரம்யா மட்டும் இறங்கினாள்.

"அவங்க எங்கடா?" சுந்தரம்மாள் தீர்த்தகிரியிடம் ஓடினாள்.

"வாசல்ல நின்னு ஆரன் அடிச்சேன் அத்த. வர்றோம், நீ போன்னு கையக் காட்டினாங்க. வூட்டுக்குள்ள ஒரே கூட்டம், ஒரே சிரிப்பு."

"சிரிப்பா?" அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "வேற எடம் பாத்துட்டாங்கய்யா. நம்மள நெனச்சித்தான் சிரிக்கறாங்க."

"அம்மா, அழாதம்மா" என்று சொல்லி ரம்யா தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கோபால்சாமி அடுப்படியில் நின்ற சுவேதாவிடம், "டீய எறக்கிடு. இனிமே ஆறட்டும்" என்றார்.

அப்போது பந்தல் காலில் தொங்கிய துண்டுக்குள் நீலமாக ஏதோ மினுக்கியது. 'ட்ரிங்' என்று ஒரு சத்தம். எல்லோரும் திரும்பினார்கள். துண்டுக்குள்ளிருந்து, வெற்றிலையை ஒரு கன்னத்தில் அடக்கிக்கொண்டு மூக்கால் இழுத்துப் பேசும் ஒரு குரல் வந்தது:

"சம்பந்தியம்மாஆஆ... ஆனந்தன் இத என் போன்ல ஏத்தி வச்சிட்டு எடுக்க மறந்துட்டான், நாலு நாளா எனக்கு வேற சோலியே ஓடல; மொதல்ல அந்தத் துண்ட எடுங்க, என் நாத்தனா இப்பதான் வந்து குந்தினா, நான் எப்பிடி நடப்பேன்னு அவளுக்கும் ஒருக்கா நடந்து காட்டுங்க."