செவப்புக்குத்தான் ஓடும்

திண்டிவனத்தில் கரண்ட் போனால், விசிறி நின்றுவிட்டதே என்று திட்டுபவர்கள் ஆயிரம் பேர். புரதம் நின்றுவிட்டதே என்று திட்டிய ஒரே மனிதர் எங்கள் செவப்பு சார்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவர் டெக்னீஷியன். நான் ரிப்போர்ட் டைப் அடிப்பவன். ரத்தத்தின் தெளிந்த நீரில் ஒரு சொட்டை ஈரப் பட்டையில் கறுப்பு ஒயர் பக்க ஓரமாக வைத்து, தொட்டித் தண்ணீரில் நனையும் பட்டையின் இரு முனைக்கும் கரண்ட் கொடுப்பார். நீரில் உள்ள புரதங்கள் சிவப்பு ஒயர் இருக்கும் பக்கமாக ஓடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேகம். பிறகு சாயத்தில் முக்கினால் எது எங்கே நின்றது என்று ஐந்து தீற்றலாகத் தெரியும்.

"செவப்புக்குத்தான்டா ஓடும்! ஒயர மாத்திக் குடுத்தீன்னா எல்லாம் பின்னாடி ஓடித் தொட்டித் தண்ணில வுழுந்துடும். பட்ட வெறுமனே நிக்கும்" என்பார். புதிதாக வேலைக்கு வருபவர்களிடம் சொன்னால் நியாயம். ஒயரையே தொடாத என்னிடமும் வாரம் ஒருமுறை சொல்வார். பெயர் அப்படித்தான் வந்தது.

முதலில் ஓடுவது ஆல்புமின். கடைசியில் அசையாமல் கிடப்பது காமா. மனிதர்களையும் அவர் அப்படித்தான் பிரித்தார். நிறுத்தத்தில் நிற்காமல் பறக்கும் விழுப்புரம் பஸ் டிரைவர் ஆல்புமின். அனந்தபுரத்திலிருந்து தினமும் தாமதமாக வந்து சேரும் நான் காமா.

"டேய் காமா! இப்பத்தான் வர்றியா? பஸ்ஸத் தள்ளிக்கினு வந்தியா?"

பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் முகூர்த்தம் என்றால் எங்களுக்கு வோல்டேஜ் படுத்துவிடும். ஒருநாள் காலை பொறுக்க முடியாமல் கையுறையோடு மண்டபத்துக்குள் போய்விட்டார். சட்டை முழுக்கச் சிவப்புச் சாயம். பெண்ணின் அப்பா வெலவெலத்துப் போனார்.

"யாருக்கு இன்னா ஆச்சுங்க?"

"யாருக்கும் ஒண்ணும் ஆவல. ஓடிக்கினு இருந்தது நின்னுடுச்சி. அந்த கிரைண்டர நிறுத்துங்க."

"சட்னிக்கி அரைக்கிறாங்க சார்."

"பத்து நிமிசம் சட்னி இல்லன்னா மாப்ள ஓடிடுவானா?"

முகூர்த்த வீட்டில் கேட்கிற கேள்வியா இது! நான் ஓடிப்போய் நாலு பேரைக் கும்பிட்டு அவரை அழைத்து வந்தேன். வரும்போது அவர் கையில் ஒரு வடை இருந்தது.

அவர் மனைவியை நாங்கள் அக்கா என்போம். சாப்பாட்டுக் கூடையில் எனக்கும் சேர்த்து மல்லாட்டைத் துவையல், அதாவது வேர்க்கடலைத் துவையல், அனுப்புகிறவர். அந்த வருஷம் அக்காவுக்கு இடுப்பு வலி. மாசக்கணக்கில் விடவில்லை. டாக்டர் இந்தப் பரிசோதனையை எழுதிக் கொடுத்தார்.

காமா இருக்கும் இடம் சாதாரணமாக மங்கலாகப் பரவிக் கிடக்கும். அங்கே கத்தியால் கீறியதுபோல ஒற்றைக் கோடு நின்றால், எலும்புக்குள் கெட்ட வியாதி என்று சந்தேகப்பட வேண்டும். அப்படிக் கோடு வந்த நாட்களில் சார் யாரோ ஒருவருக்காகச் சாப்பிடாமல் இருப்பார்.

அக்கா ரத்தம் கொடுத்துவிட்டு, "ஜல்தியா பாத்துட்டு வாங்க. கேப்பங்கூழு கரைச்சி வெக்கிறேன்" என்று சொல்லிப் பஸ் ஏறப் போனார்.

சாயத்திலிருந்து எடுத்த பட்டையில் ஒன்றுமே இல்லை. ஐந்தில் ஒரு தீற்றல்கூட இல்லை.

"கரண்ட்டு பேஜாரு பண்ணிடுச்சி" என்றார் சார்.

தலைக்குமேல் விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. நான் கரண்ட் கொடுக்கும் பெட்டியைப் பார்த்தேன். சிவப்பு ஒயர் கறுப்புத் துளையில், கறுப்பு ஒயர் சிவப்புத் துளையில்.

"சார், ஒயரு மாறிக்கிது."

"தெரியும்." பட்டையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "இன்னிக்கி ஒரு நாளு தெரியாமலே இருந்துட்டுப் போறேன்டா. வூட்டுக்குப் போயி அவகூட உக்காந்து கூழு குடிக்கணும்."

நிலையத்தை நடத்தும் டாக்டர் வந்து கேட்டபோது, ஒயரைச் செருகியது நான்தான் என்றேன்.

"காமா சோமான்னு வேலை செய்யத்தான் வர்றியாய்யா?" என்று கத்தினார் டாக்டர். அந்தச் சொல்லைக் கேட்டதும் சார் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் காலை, மிச்சமிருந்த சொட்டைப் பட்டையில் வைத்துவிட்டு, "நீயே குடுடா" என்றார். சிவப்பைச் சிவப்பில் செருகினேன். எல்லாம் ஒழுங்காக ஓடியது. கடைசி இடத்தில் அந்தக் கோடு நின்றது. ரிப்போர்ட்டில் அக்காவின் பெயரை நான் இரண்டு முறை தப்பாக அடித்தேன். அவர் திட்டவில்லை.

அக்கா மூன்று வருஷம் இருந்தார். சார் அதற்கப்புறமும் தினமும் முதல் ஆளாக வேலைக்கு வந்தார். காமா என்ற சொல் மட்டும் அவர் வாயில் வரவே இல்லை. ரிப்போர்ட் சொல்லும்போது "அஞ்சாவது" என்பார். என்னை "இந்தாப்பா" என்றார்.

நான் வேண்டுமென்றே இன்னும் தாமதமாகப் போய் நின்று பார்த்தேன், ஒரு தடவையாவது "டேய் காமா" என்று திட்டமாட்டாரா என்று.