மாமனார் திருடர் அல்ல

கனகலட்சுமி சண்டை போட்டுக்கொண்டு வன்னியம்பட்டியில் அப்பா வீட்டுக்குப் போய் இருபத்திரண்டு நாளாகிவிட்டது. போய்க் கூப்பிட இசக்கிமுத்துவை ரோஷம் விடவில்லை. வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் போட்டான்: 'என் பொண்டாட்டியைத் திருடி வைத்திருக்கும் மாமனார் கண்ணுச்சாமியே, திருப்பிக் கொடு!'

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணிக் கம்பெனி வேலை முடிந்ததும், யார் யார் பார்த்தார்கள் என்று தேடினான். அவள் பெயரும் இருந்தது. பதில் இல்லை. அந்தப் பெயரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

செல்போன் கடை நவாஸ் பதறினான்.

"ஏலே, மாமனாருக்கா திருட்டுப் பட்டம் கட்டுத?"

"பேச்சுரிமை இருக்குல்லா?"

"இருக்கு. அவருக்கு மானமும் இருக்குல்லா? மாத்திப் போடு."

மாற்றிப் போட்டான்: 'என் மாமனார் திருடர் அல்ல.'

அதற்குப் பிறகுதான் வன்னியம்பட்டியே என்ன காணாமல் போனதென்று விசாரிக்க ஆரம்பித்தது. இசக்கிமுத்து பயந்துபோய் இன்னொன்று போட்டான்: 'அவர் திருடியதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை.'

மறுநாள் காலை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போலீஸ் போன் வந்தது. மாமனார் மனு கொடுத்திருக்கிறாராம்.

ஸ்டேஷன் பெஞ்சில் கண்ணுச்சாமி உட்கார்ந்திருந்தார். எஸ்.ஐ. ஜெயசித்ராவின் மேஜையில் மூன்று ஸ்டேட்டஸும் பிரிண்ட் போட்டு இருந்தன.

"மாமனார் முசுடுன்னு எழுதுனா அது ஒங்க கருத்து. திருடுனாருன்னு ஊரறியப் பொய்யா எழுதுனா அவதூறு. சட்டத்துல பேசுற உரிமையும் இருக்கு, அதுக்கு வரம்பும் இருக்கு. தெரியுமா?"

"விளையாட்டுக்குப் போட்டேன் மேடம்."

"சரி, நெசமா என்னதான்யா சொல்ல வந்தீங்க?"

இசக்கிமுத்து மேஜையிலிருந்த காகிதங்களைப் பார்த்தபடி சொன்னான்.

"அவ இல்லாம வீட்டுக்குள்ள இருக்க முடியல மேடம். சோத்த வடிச்சிட்டு ரெண்டு தட்டு எடுத்து வச்சிருதேன். பொறவுதான் ஞாபகம் வருது."

ஜெயசித்ரா பேனாவைக் கீழே வைத்தார். "இதச் சொல்ல எந்தச் சட்டம்யா ஒங்களத் தடுத்துச்சு?"

அவன் மாமனார் பக்கம் திரும்பிக் கைகூப்பினான். "மன்னிச்சிருங்க மாமா. எம்புட்டுக் கோவம் இருந்தாலும் மனுவ வாபஸ் வாங்கிருங்க."

கண்ணுச்சாமி வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எங்கிட்ட பட்டன் போன்தான் மாப்ள, நான் எதையும் பாக்கல. 'போலீஸு கூப்பிட்டாலாவது வருவாரு'ன்னு மனு எழுதிக் கையெழுத்து வாங்குனது ஒங்க பொண்டாட்டி. பெட்டியோட வெளிய நிக்கா."