பானெட்டுக்காரர் வீட்டுப் பிக்கப்

ஒழுங்காக ஓடுகிற எந்தப் பொருளையும் சும்மா விடாத மனிதர்கள் உலகத்தில் உண்டு. அவர்களுக்கு ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், காமயகவுண்டன்பட்டி பானெட்டுக்காரர் போட்டியின்றி ஜெயிப்பார். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். நான் அந்த ஊருக்குப் பள்ளிக்கூட வாத்தியாராகப் போய், அவருக்கு அடுத்த வீட்டில் குடியிருந்த எழுபதுகளில் அது யாருக்கும் ஞாபகமில்லை. எப்போது பார்த்தாலும் தன் பிக்கப் வண்டியின் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பார். தெருவில் பாதிப் பேருக்கு அவருடைய முதுகுதான் பழக்கம்.

தேயிலை எஸ்டேட்டை விட்டுக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் அவருடைய அப்பா வாங்கிய வண்டி அது. குமுளி மலையிலிருந்து ஏலக்காய் மூட்டை இறக்கியது. மூட்டையை விட முக்கியமான வேலை ஒன்றும் அதற்கு இருந்தது. அந்த வீட்டுப் பெண்கள் புகுந்த வீட்டுக்குப் போவதும், மருமகள்கள் வந்து இறங்குவதும் அந்த வண்டியில்தான். பானெட்டுக்காரரின் அக்கா, தங்கைகள் எல்லாரும் அதில் போனபிறகு வண்டி படுத்துவிட்டது. ஒரே மகள் செல்வி மட்டும் பாக்கி.

"எம் மகளும் இதுலதான் போவா" என்று சபதம் போட்டார். மெக்கானிக் எவரையும் வாசலில் சேர்க்காமல் முற்றத்திலேயே வேலையைத் தொடங்கினார்.

முதலில் சரியானது ஹார்ன். வெகுகாலத்துக்கு அது மட்டும்தான் சரியாக இருந்தது. கழற்றிப் போட்ட இன்ஜின் ஒரு பக்கம் கிடக்கும், வண்டியிலிருந்து பஸ் சத்தம் வரும். கம்பம் டவுன் பஸ் வந்துவிட்டதென்று கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து ஏமாந்த பெண்கள் திட்டிய திட்டுக்கு, வேறு ஆளாக இருந்தால் ஊரைவிட்டே போயிருப்பார். இவரோ, "பாத்தீகளா வாத்தியாரே, அசல் பஸ்ஸுன்னே நம்பிட்டாக!" என்று பூரித்துப்போவார்.

பிறகு வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாக வண்டிக்குள் குடியேறின. ஆக்சிலேட்டருக்குத் திராட்சைப் பந்தல் கம்பி. சீட்டுக்குப் போடி இலவம் பஞ்சு. அதை அடைத்த அடையில், உட்கார்ந்தால் தலை கூரையில் இடிக்கும். கார்புரேட்டரை மண்ணெண்ணெயில் ஊறவைக்கக் குழம்புச் சட்டி. அன்று அவர் மனைவி போட்ட சத்தத்தில் ஹார்ன் தோற்றது. அந்த அம்மாளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

"சட்டியவும் வண்டிக்குக் குடுத்தாச்சுல்ல? இனிமே சோறும் வண்டியே போடும், போயித் தின்னுங்க!"

"கோவப்படாத புள்ள. கழுவித் தந்துர்றேன்."

"மொதல்ல கையக் கழுவுங்க!"

பழுது பார்ப்பதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. துரைக்குத் தோன்றாததெல்லாம் இவருக்குத் தோன்றியது. டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி இன்ஜினுக்கு அனுப்பும் பம்ப் அடிக்கடி மக்கர் பண்ணியது. அதைக் கழற்றி வீசிவிட்டு, டேங்கை வண்டியின் பின்பக்கம் பலகை அடித்து உயரத்தில் ஏற்றினார். அங்கிருந்து ஒரு குழாய் இன்ஜினுக்கு.

"பம்பு இல்லாம எப்புடிங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"பெரியாத்துத் தண்ணி மலையில இருந்து பம்பு வச்சா வருது? மேட்டுல இருக்கறது பள்ளத்துக்குத் தானா வரும். இதெல்லாம் பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுக்கறதில்லையா, வாத்தியாரே?"

வாய்க்கால் பாசனத்திலேயே பிறந்து வளர்ந்தவரிடம் என்ன பேசுவது? வண்டியும் அவர் கட்சியிலேயே சேர்ந்துகொண்டது. உத்தமபாளையம் வரை போய்விட்டு இருமாமல் தும்மாமல் திரும்பி வந்தது.

செல்விக்குக் குமுளியில் மாப்பிள்ளை அமைந்தார். கல்யாணம் பெண் வீட்டில் நடந்தது. மதியச் சாப்பாடு முடிந்து பெண்ணை அனுப்பும் நேரம், மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்திருந்த அம்பாசிடர் கார் பளபளவென்று வாசலில் நின்றது. அதைப் பார்த்ததும் பானெட்டுக்காரர் முகம் சுண்டிப்போனது. "நான் எங்கப்பா வண்டியிலதான் வருவேன்" என்று சொல்லிவிட்டுச் செல்வி பஞ்சு சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். மாப்பிள்ளையும் ஏறினார். அவருடைய தலைப்பாகை கூரையில் நசுங்கியது. சீர்ச் சாமான்களோடு பின்னால் அக்காவும் நானும். சம்பந்திகள் அம்பாசிடரில் தொடர்ந்தார்கள்.

லோயர்கேம்ப் வரை ராஜநடை. மலையேற்றம் தொடங்கியதும் வண்டி விக்கியது, நின்றது. மூக்கு மேலே, வால் கீழே. இன்ஜின் மேட்டில், டேங்க் பள்ளத்தில். பிறந்ததிலிருந்து மலையைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த மனிதர், வண்டி மலை ஏறவேண்டும் என்பதை மட்டும் மறந்துவிட்டார்!

சம்பந்தி காரிலிருந்து இறங்கி வந்தார். "பொண்ண இதுல ஏறச் சொல்லுங்க. ராகு காலம் பொறக்கறதுக்குள்ள வீட்டுப்படி ஏறணும்ல?"

அவர் சொன்னதில் தப்பில்லை. பானெட்டுக்காரர் பானெட்டைத் திறக்கக்கூட இல்லை. "ஆத்தா, நீ காருல போயிரும்மா" என்றார். எனக்கே தாங்கவில்லை.

அக்கா கீழே இறங்கி டேங்கையும் இன்ஜினையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏங்க, மடை ஒசரத்துல இருந்தாத்தான தண்ணி பாயும்? டேங்கு பின்னாலதான இருக்கு? வண்டியத் திருப்பிப்போட்டு, பின்னாலயே ஏத்துங்க!"

"அட, ஆமால்ல!"

இப்படியாக அந்தப் பிக்கப் ரிவர்ஸ் கியரில் குமுளி மலை ஏறியது. பானெட்டுக்காரர் கதவைத் திறந்து கழுத்தைப் பின்பக்கம் நீட்டி ஓட்டினார். நான் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு "ரைட்டு, லெப்டு" என்று கத்தினேன். எதிரே வந்த லாரி டிரைவர் "எந்தா இது?" என்று மலையாளத்தில் கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஒதுங்கினார். பின்னால் அம்பாசிடர் நேராக வந்ததால், சம்பந்தியம்மாவும் புது மருமகளும் வழியெல்லாம் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டே வந்தார்கள். எவ்வளவு நேரம்தான் சிரிப்பது, பாவம்!

புகுந்த வீடு போகிற பெண் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பார்கள். செல்விக்குத் திரும்பவேண்டிய அவசியமே வரவில்லை. முன்கண்ணாடி முழுக்கப் பள்ளத்தாக்கு விரிந்து கிடந்தது. திராட்சைத் தோட்டம், தென்னை, நெல்வயல், தூரத்தில் அவள் பிறந்த ஊர். மலைப்பக்கம் கழுத்தைத் திருப்பியிருந்த அப்பாவுக்குத்தான் அது எதுவும் தெரியவில்லை.

"ஆத்தா, நம்ம ஊரு தெரியுதா?"

"தெரியுதுப்பா."

ஒவ்வொரு வளைவிலும் கேட்டார். ஒவ்வொரு வளைவிலும் அவள் சொன்னாள். கடைசி வளைவு தாண்டியதும் மரங்கள் அடைத்துக்கொண்டன. ஊர் என்ன, பள்ளத்தாக்கே மறைந்துவிட்டது.

"இப்பத் தெரியுதா, ஆத்தா?"

"நல்லாத் தெரியுதுப்பா" என்றாள் செல்வி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டு, அவர் மலையைப் பார்த்தபடியே ஓட்டினார். அந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.