சூரியனில் ஜெயம்மாள் வீட்டுப் புள்ளி

உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம் போகிற சாலையில் ஒரு ரைஸ் மில் உண்டு. அது நெல் அரைத்து ஆறு வருஷமாகிறது. இந்தப் பங்குனியில் மனிதர்களை அரைக்க ஆரம்பித்தது.

காலை எட்டு மணிக்கெல்லாம் வாசலில் இருநூறு பேர். மானாம்பதியிலிருந்து ஷேர் ஆட்டோ, திருமுக்கூடலிலிருந்து டிராக்டர், பழையசீவரத்திலிருந்து ஒரு கல்யாண வேன். எல்லோர் கையிலும் ஒரு செம்புப் பாத்திரம். குடம், அண்டா, சொம்பு, எதுவும் இல்லாதவர் பூஜைத் தட்டு. உள்ளே போகும்போது கையில் இருந்தது, வெளியே வரும்போது இருக்காது. முகத்தில் மட்டும் ஒரு திருப்தி இருக்கும்.

இவ்வளவுக்கும் காரணம் கதிரொளி சித்தர்.

சூரியனில் புயல் வீசுகிறது என்று டிவியில் சொன்னார்கள். அது உண்மைதான். பதினோரு வருஷத்துக்கு ஒருமுறை சூரியன் கொஞ்சம் துள்ளும். அதன் முகத்தில் கரும்புள்ளிகள் கூடும். விஞ்ஞானிகள் செயற்கைக்கோள்களை நினைத்துக் கவலைப்பட்டார்கள். சித்தர் உத்திரமேரூர் வட்டாரத்துச் செம்புக் குடங்களை நினைத்துக் கவலைப்பட்டார்.

"சூரியன்ல வர்ற ஒவ்வொரு கரும்புள்ளியும் பூமியில ஒரு குடும்பத்தோட தோஷம்" என்றார். பூமியில் எத்தனை குடும்பம், புள்ளி எத்தனை என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற ஆசாமி வரிசையில் நிற்க மாட்டான். நின்றவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எங்க வூட்டுப் புள்ளி எது சாமி?"

அதைக் கண்ணாலேயே பார்க்கலாம் என்பதுதான் சித்தரின் தனிச் சிறப்பு. மில்லுக்குள் கும்மிருட்டு. மேற்கூரைத் தகட்டில் ஒரு ஓட்டை. ஓட்டையில் செருகிய தொலைநோக்கிக் குழாய். எதிரே கட்டிய வெள்ளை வேட்டியில் முறம் அளவுக்குச் சூரியன் வந்து விழும். சித்தர் குழாயின் அடியில் இருக்கும் கண்ணாடி மூடியைக் கழற்றிப் பக்கத்தில் ஒரு திரைக்குப் பின்னால் கொண்டுபோவார். குடும்பத்தின் பெயரைச் சொல்லி ஏதோ முணுமுணுப்பார். திரும்பி வந்து மாட்டுவார். இப்போது சூரியனின் நட்ட நடுவில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கரும்புள்ளி. அந்தக் குடும்பத்துப் புள்ளி.

முதல் தரிசனத்தில் அது பெரிதாக இருக்கும். செம்பு கொடுத்தபின் இரண்டாம் தரிசனத்தில் சிறுத்துவிடும். இன்னும் கொஞ்சம் செம்பு கொடுத்தால் மூன்றாவதில் மறைந்துவிடும். கண்ணெதிரே நடக்கிறதே, இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

ஜெயம்மாளுக்கும் வேண்டியிருக்கவில்லை. திருப்புலிவனத்தில் தறிக் குடும்பம் அவளுடையது. மகன் கோகுல்ராஜுக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை. மருமகள் சுதாவுக்கு முதல் கர்ப்பம் ஆறாம் மாதத்தில் கலைந்தது. இப்போது இரண்டாவது, ஏழு மாதம். பயந்துபோயிருந்த மனுஷி ஜெயம்மாள். முதல் தரிசனத்தன்று பெயர் எழுதுகிற பெண்ணிடம் அந்தக் கதையையெல்லாம் அழுதுகொண்டே சொன்னாள். அரை மணி கழித்து, "உன் வூட்டுல ஒரு கரு அழிஞ்சிருக்குது தாயே" என்று சித்தர் ஞானதிருஷ்டியில் கண்டு சொன்னபோது நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள்.

சித்தர் கட்டளை போட்டார். நாற்பத்தெட்டு நாள் மருமகள் மேல் வெயில் படக்கூடாது. சூரியன் பார்க்கிற நேரத்தில் ஊசி, மாத்திரை, ஆஸ்பத்திரி ஆகாது. சூரியன் பார்க்காத நேரத்தில் சுகாதார நிலையத்தில் டாக்டர் இருக்க மாட்டார். ஆக, சுதா உள்ளறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். பிரஷர் கொஞ்சம் கூட இருக்கிறது, வாராவாரம் வா என்று நர்ஸ் சொன்னது ஜன்னலுக்கு வெளியே நின்றுவிட்டது.

பதினேழாம் நாள் மூன்றாவது தரிசனம். தலையில் முக்காட்டோடு சுதாவை ஆட்டோவில் ஏற்றினாள் ஜெயம்மாள். சுதா ஒரே ஒரு பிடிவாதம் பிடித்தாள். முதலில் உத்திரமேரூர் போய்த் தன் மூக்குக் கண்ணாடியைக் காட்ட வேண்டும்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கண்ணாடிக் கடையில் ஷீபா வேலை பார்க்கிறாள். நடவு வேலைக்குப் போகும் ஐசக்கின் மகள். கண் பரிசோதனைக்கு இரண்டு வருஷம் படித்தவள். சுதாவோடு பள்ளியில் ஒரே பெஞ்சு.

"நீ போட்ட கண்ணாடிதான்டி. மூணு நாளா மங்கலா கீது. மின்மினி மாதிரி புள்ளி புள்ளியா பறக்குது" என்றாள் சுதா.

"தோஷம் கண்ணுல எறங்கிடுச்சின்னு சாமி சொன்னாரு" என்றாள் ஜெயம்மாள்.

ஷீபாவின் கடைக்கு இந்தப் புகார் புதிதல்ல. புள்ளி தெரிகிறது என்று வாரத்துக்கு நாலு பேர் வருவார்கள். அவள் முதலில் செய்வது ஒன்றுதான். கண்ணாடியைக் கழற்றச் சொல்வாள். கழற்றியதும் புள்ளி போய்விட்டால் அழுக்கு. துடைத்துக் கொடுத்து அனுப்பிவிடலாம். சுதா கழற்றினாள்.

"போவல" என்றாள்.

ஷீபா குனிந்து அவள் காலைப் பார்த்தாள். மெட்டி சதைக்குள் புதைந்திருந்தது. முகமும் உப்பியிருந்தது.

"தலவலி கீதா?"

"மண்ட பொளக்குது."

"ஜெயம்மாம்மா, இது கண்ணாடி கோளாறு இல்ல. பிரஷர் ஏறிக்கீது. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவணும். வெச்சிக்கினு இருந்தா வலிப்பு வரும். ரெண்டு உசுரு."

ஜெயம்மாளின் கண் கலங்கியது. ஆனால் கையிலிருந்த செம்பு அண்டாவை விடவில்லை. "மூணாவது தரிசனம் ஆனா புள்ளி போயிடும்னு சொல்லிக்கீறாரும்மா. அது முடியாம ஊசி குத்துனா போன தபா மாதிரி ஆயிடும்னாரு. ஒரு மணி நேரம். முடிஞ்சதும் நேரா போயிடறேன்."

ஷீபா கோகுல்ராஜுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஷிப்டில் இருப்பவன் போனை லாக்கரில் வைத்திருப்பான். ஆட்டோ கிளம்பியது. ஆஸ்பத்திரி ஒரு பக்கம், மில் மறுபக்கம். ஆட்டோ திரும்பியது மில் பக்கம். கடையைப் பார்த்துக்கொள்ளும்படி பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு ஷீபா ஓடிப்போய் அதே ஆட்டோவில் ஏறிக்கொண்டாள்.

மூன்றாவது தரிசனக்காரர்களுக்குத் தனி வழி. பெயர் எழுதுகிற பெண்ணின் விசாரிப்பு மட்டும் அவர்களுக்கும் உண்டு. மில்லுக்குள் ஐம்பது பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மூலையில் செம்பு மலை. சித்தர் திரைக்குப் பின்னால் போய் வந்து மூடியை மாட்டினார். வேட்டியில் சூரியன் வந்தது. நடுவில் புள்ளி. மறையவில்லை, முன்னைவிடப் பெருத்திருந்தது.

ஜெயம்மாள் அண்டாவை இறுக்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"வெளிச்சத்துல அழைச்சிக்கினு வந்துட்ட தாயே. கடைக்கெல்லாம் போயிட்டு வர்ற. இன்னும் நாப்பத்தெட்டு நாள் இருட்டுல வெக்கணும். மாங்கல்யத்துல கீற பொன்ன சூரியனுக்குக் குடுக்கணும்."

செம்பிலிருந்து பொன்னுக்கு வந்துவிட்டார் சித்தர்.

ஷீபா வேட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய புள்ளியைத் தவிர ஓரத்தில் கடுகு போல இரண்டு சின்னப் புள்ளிகள் இருந்தன. இன்னொன்றும் கவனித்தாள். மூடியை மாட்டியதிலிருந்து சித்தரின் இடது கை குழாயை விட்டு விலகவே இல்லை. ஆசீர்வாதம் செய்யும்போதும் அது குழாயை நூல் அளவு, நூல் அளவாக நகர்த்திக்கொண்டே இருந்தது.

எழுந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"சாமி, அந்தக் கைய எடுத்துருங்க. ரெண்டு நிமிஷம்."

"எதுக்கு?"

"சும்மாதான். பாக்கணும்."

"சூரிய பகவான் என் கையிலதான் நிக்கிறாரு மகளே. எடுக்கக் கூடாது."

இங்கேதான் சித்தருக்குப் பக்தர்களே வினையானார்கள். முன்வரிசைப் பெரியவர் ஒருவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "கைய எடுத்தாலும் நிப்பாரும்மா. சாமி சக்தி இன்னான்னு உனக்கின்னா தெரியும்? எடுங்க சாமி, அந்தப் பொண்ணும் பாக்கட்டும்." ஐம்பது பேரும் ஆமாம் போட்டார்கள். சித்தர் ஐம்பது பேரையும் பார்த்தார். கையை எடுத்தார்.

ஷீபா சுதாவின் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்தாள். வேட்டியில் பெரிய புள்ளி விழுந்த இடத்தில் ஒட்டினாள்.

"யாரும் பேசாதீங்க. பொட்ட மட்டும் பாருங்க."

பூமி யாரையும் கேட்காமல் சுற்றுகிற பொருள். சித்தருக்காக நிற்கவில்லை. வேட்டியில் சூரியன் மெல்ல வலப்பக்கம் நழுவியது. ஓரத்துக் கடுகுப் புள்ளிகள் இரண்டும் அதோடு சேர்ந்து நழுவின. ஜெயம்மாள் வீட்டுப் புள்ளி மட்டும் பொட்டை விட்டு அசையவில்லை. ஒரு நிமிடத்தில் அது சூரியனின் விளிம்புக்கு வந்திருந்தது. இன்னும் சிறிது நேரத்தில் சூரியன் முழுசாகக் கழன்று போய்விட்டது.

"சூரியன் போயிடுச்சி. அதுல கீற புள்ளி ஏன் கூடப் போவல?" என்று கேட்டாள் ஷீபா.

பின்னாலிருந்து ஒரு பெண், "அப்ப அது சூரியன்ல இல்ல" என்றாள், தனக்குள் சொல்வது போல.

"கண்ணாடியில கீது. என் கடையில தெனமும் பாக்கற கேஸுதான்." ஷீபா போய் மூடியைத் திருகிக் கழற்றினாள். சித்தர் தடுக்க வந்தார். ரோஷக்காரப் பெரியவர் குறுக்கே கையை நீட்டினார். "இரு சாமி. பாத்துறலாம்." இப்போதும் ரோஷம்தான், ஆனால் திசை மாறியிருந்தது.

மூடிக்குள் வட்டமான கண்ணாடி. அதன் நடுவில் ஒரு பொட்டுக் கண்மை. ஷீபா பையிலிருந்து கண்ணாடி துடைக்கும் மஞ்சள் துணியை எடுத்து ஒரு தேய் தேய்த்தாள். ஜென்மாந்திர சூரிய தோஷம் துணியில் ஒட்டிக்கொண்டது. செம்பு எதுவும் கேட்கவில்லை.

மூடியை மாட்டிக் குழாயை நகர்த்தினாள். சூரியன் திரும்ப வந்தது. நடுவில் எதுவும் இல்லை. ஓரத்துக் கடுகுகள் மட்டும் அப்படியே இருந்தன.

"அது இன்னாம்மா?" என்றார் பெரியவர். "அதயும் தொட."

"தொடச்சாலும் போவாது. அது நெசமான புள்ளி. சூரியன் கொதிக்கிற வாயு உருண்ட. உள்ள காந்த சக்தி கீது. சில எடத்துல அது முறுக்கிக்கினு கீள இருந்து ஏறி வர்ற சூட்ட தடுத்துரும். அந்த எடம் கொஞ்சம் ஆறிப்போயி கறுப்பா தெரியும். ஆறிப்போயின்னா நாலாயிரம் டிகிரி."

யாரோ சிரித்தார்கள். அந்த மில்லில் ஒரு மாதத்தில் கேட்ட முதல் சிரிப்பு அது.

"கடுகாட்டம் தெரியற அந்தப் புள்ளிக்குள்ள நம்ம பூமியே அடங்கிடும். அங்கருந்து புயல் கெளம்பனா சேட்டிலைட்டு பேஜாராவும், ரேடியோ கொரகொரன்னும். ஜெயம்மா வூட்டு டோர் நெம்பரு அதுக்குத் தெரியாது. சூரியனும் தன்னத்தானே சுத்திக்கினு கீது. ரெண்டு வாரத்துல புள்ளி அந்தப் பக்கம் போயிடும். யாரும் அண்டா குடுக்க வேணாம். ஆனா ஒண்ணு, யாரும் இந்தக் கொழாயில கண்ண வெச்சிப் பாக்காதீங்க. பொசுங்கிடும்."

சித்தர் கடைசியாக ஒரு முயற்சி செய்தார். "பகவான பரிசோதிச்சிட்டீங்க. சாபம் சும்மா வுடாது."

"இரு, இந்தக் கொரலு எங்கயோ கேட்டது" என்றான் வேனில் வந்த ஒருவன். கிட்டே போய்த் தாடிக்குள் உற்றுப் பார்த்தான். "ஜானகிராமன் அண்ணன் தானே நீ? என் மச்சான் கல்யாணத்துக்கு மண்டபத்துல ஸ்கிரீன் கட்டிப் படம் காட்டனியே."

இப்போதும் அதே தொழில்தான் செய்கிறார் என்பதை யாரும் அவனுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

யாரோ மில் கதவை விரியத் திறந்தார்கள். அடுத்த பத்து நிமிடம் மில்லில் பாத்திரச் சத்தம்தான். "அது என் கொடம், ஒதடு நசுங்கிக்கீது பாரு." "உன்து இல்ல, பேரு வெட்டிக்கீது, படி." மூலைச் செம்பு மலை கரைய ஆரம்பித்தது. மலைக்கு அடியில் புதைய வழியிருந்தால் சித்தர் புதைந்திருப்பார். போலீஸ் வந்து அவரை எடுத்துப்போனது.

ஜெயம்மாள் எதையும் பார்க்கவில்லை. முதலில் கொடுத்த இரண்டு குடத்தையும் கேட்கவில்லை. கையிலிருந்த அண்டாவைத் தரையில் வைத்துவிட்டு, மருமகளின் முக்காட்டைத் தன் கையால் எடுத்தாள். பதினேழு நாள் கழித்து அந்தப் பெண்ணின் முகத்தை வெளிச்சத்தில் பார்த்தாள். உப்பிய கன்னத்தை விரலால் அழுத்தினாள். பள்ளம் விழுந்து, எழ மறுத்தது.

"நானே சாவடிக்கப் பாத்தேனேடி" என்றாள். பிறகு வெளியே வந்து ஆட்டோக்காரனிடம், "நைனா, ஆஸ்பத்திரிக்கு வுடு. எங்கயும் நிக்காத" என்றாள்.

ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்த நர்ஸ் இரண்டாம் முறையும் பார்த்தார். ஊசி போட்டு, 108 வண்டியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இன்னும் அரை நாள் இருட்டில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அங்கிருந்த டாக்டர், விஷயம் தெரிந்து ஓடிவந்த கோகுல்ராஜிடம் தனியாகச் சொன்னார். அவன் அதை யாரிடமும் சொல்லவில்லை. பன்னிரண்டாம் நாள் ஆபரேஷன். பெண் குழந்தை. ஒன்றேமுக்கால் கிலோ. கண்ணாடிப் பெட்டிக்குள் மூன்று வாரம் கைகாலை ஆட்டிக்கொண்டு கிடந்துவிட்டு வீடு வந்து சேர்ந்தது.

மில் இப்போது மூடிக் கிடக்கிறது. ஆனால் செய்யாற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு புது நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். நட்சத்திரத்திலிருந்து நேரடியாகப் பேசும் அம்மாவாம். அதற்குள் மூன்று வேன் புக்காகிவிட்டது.

சூரியனிலிருந்து கிளம்பும் வெளிச்சம் பதினைந்து கோடி கிலோமீட்டரை எட்டே நிமிடத்தில் தாண்டி நம் கண்ணுக்கு வந்துவிடுகிறது. அங்கிருந்து மூளைக்கு நாலு விரற்கடை தூரம்தான். அதைக் கடக்கத்தான் நம் ஊரில் இத்தனை வருஷம் ஆகிறது.