நூறு நரிகளைத் தின்ற முயல்

ஒரு காட்டில் சிங்கராஜாவுக்கு எண் பைத்தியம் பிடித்திருந்தது. குடிகள் எல்லார் கழுத்திலும் ஓர் எண் தொங்க வேண்டும், இல்லாவிட்டால் குளத்தில் தண்ணீர் கிடையாது என்று உத்தரவு போட்டுவிட்டார். எண் கொடுக்கும் வேலை ஆமையாருக்கு. கொடுத்த எண்ணைத் திரும்ப வாங்கக் கூடாது, இன்னொருவருக்குத் தரவும் கூடாது. இதைத் தவிர அவருக்கு வேறொன்றும் தெரியாது. தெரிந்துகொள்ளும் உத்தேசமும் இல்லை.

வெள்ளையம்மா என்ற முயல் வரிசையில் வந்து நின்றாள். அவளுக்கு முன்னால் நரியார் ஒருவர்தான். சீக்கிரம் முடிந்துவிடும் என்று நினைத்தாள், பாவம்.

"என் பிள்ளைங்களுக்கு நூறு எண் வேணும், தொடர்ச்சியா," என்றார் நரியார்.

"பிள்ளைங்க எங்கய்யா?"

"இனிமேதான் பொறக்கணும். ஒவ்வொண்ணுக்கும் வந்து உங்க தூக்கத்தைக் கெடுக்கலாமா?"

தூக்கம் என்றதும் ஆமையார் உருகிப்போனார். நாற்பத்தொன்று முதல் நூற்று நாற்பது வரை மொத்தமாக எழுதிக் கொடுத்தார். வெள்ளையம்மாவுக்கு நூற்று நாற்பத்தொன்று கிடைத்தது. நரியாருக்குக் கல்யாணமே ஆகவில்லை என்பது காட்டுக்கே தெரியும்.

கோடையில் கணக்கெடுப்பு வந்தது. அதிகாரி கரடியார் எல்லாரையும் எண் வரிசையில் நிறுத்தினார். நாற்பதுக்குப் பக்கத்தில் நூற்று நாற்பத்தொன்று நின்றாள்.

"ஏட்டுல நூறு நரி இருக்கே, நடுவுல ஒண்ணையும் காணோமே! பக்கத்துல நிக்கிறவதானே தின்னிருக்கணும்?"

"ஐயா, நான் புல்லு தின்கிறவ!"

"எண் பொய் சொல்லாதும்மா."

உண்மையைச் சொன்னால் பதுக்கல் வெளிவந்துவிடும். அதனால் கல்யாணமாகாத நரியார், நூறு பிள்ளைகளைப் பறிகொடுத்த துக்கத்தில் மாரடித்து அழுதார். காடே கண்ணீர் விட்டது. தூ!

வெள்ளையம்மாவை ராஜாவின் முன் நிறுத்தினார்கள். கழுத்து போவது உறுதி. அப்போதுதான் கவனித்தாள்: ராஜா அவள் பற்களையே பார்த்துக்கொண்டு வாலைச் சுருட்டிக்கொண்டார்.

"நூறும் நீ ஒருத்தியாவா?" என்றார், குரல் இறங்கி.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நிஜத்தைச் சொன்னபோது ஒரு நாயும் கேட்கவில்லையே!

"ஆமா ராஜா. இன்னும் பசி அடங்கல."

சிங்கம் ஓரடி பின்வாங்கியது. புலி வழிவிட்டது. அன்றே வெள்ளையம்மா சேனாதிபதி ஆனாள். நரியார் அழுகையைப் பாதியில் நிறுத்திவிட்டு ஓடியவர்தான், இன்னும் திரும்பவில்லை.

மறுநாள் அவள் ஆமையாரிடம் போனாள்.

"ஆயிரம் எண் வேணும். தொடர்ச்சியா."

ஆமையார் மறுபேச்சில்லாமல் எழுதிக் கொடுத்தார். அவளுக்குப் பின்னால் ஒரு மான் பொறுமையாக நின்றுகொண்டிருந்தது.

நீதி: வரிசையில் காலியிடம் கண்டால் விளக்கம் சொல்லாதே, ஏப்பம் விடு.