அசையாமல் நின்றவர்

கேபிள் ஒரு முழம் எட்டவில்லை.

"இழுத்தா வந்துடும்" என்று சொல்லி இழுத்தார் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர். வந்தது, ஹால் சுவரில் இருந்த வைஃபை பெட்டி. ஆணியோடு.

உள்ளறையில் அவர் மனைவி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கட்டட வரைபடம் போடுகிறவள். பல வருடம் வேலையை விட்டிருந்தவளுக்கு இன்றுதான் மறுபடி ஒரு நேர்காணல். வரைபடங்கள் எல்லாம் அந்தப் பழைய கம்ப்யூட்டரில். அதற்கு வைஃபை பிடிக்கத் தெரியாது. கம்பி செருகினால்தான் நெட். அவர்கள் போன்களுக்கோ அந்த அறையில் சிக்னல் கிடையாது.

"எங்கப்பா படுக்கையில கிடந்தப்போ அவரைப் பார்த்துக்கத்தானே நீ வேலையை விட்டே. அதை நான் மறக்கலை. இன்னிக்கு உனக்கு நெட் கொண்டுவர்றது என் பொறுப்பு" என்று கடைக்கு லீவு விட்டிருந்தார்.

பெட்டியை மறுபடி மாட்டினார். விளக்கு எரிந்தது. நெட் வரவில்லை.

"பின்னாடி சின்னதா ஒரு ஓட்டை இருக்கு. ஊசியால குத்தினா சரியாயிடும்."

"குத்தாதீங்க."

குத்திவிட்டார். பெட்டி தன் பெயரையே மறந்துவிட்டது. அடியில் ஒட்டியிருந்த பாஸ்வேர்டைப் படிக்க, கண்ணாடியைத் துடைக்கும் பழக்கத்தில் அதையும் அழுத்தித் துடைத்தார். பாதி எழுத்து துணியோடு வந்துவிட்டது. மீதியை வைத்துத் திண்டாடி, ஒருவழியாகத் தன் கடை லேப்டாப்பில் வைஃபையைப் பிடித்தார்.

"இனி கவலையில்லை. லேப்டாப் வைஃபையை வாங்கி, கேபிள் வழியா உனக்குப் பகிர்ந்து குடுக்கும். அதுக்குன்னே ஒரு பட்டன் இருக்கு."

அழுத்தினார். லேப்டாப்பிலும் நெட் போனது.

"இப்ப ரெண்டுலயும் இல்லை" என்றாள்.

"இரு, இன்னொரு வழி இருக்கு."

அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஸ்டூல்ல ஏறி லேப்டாப்பை உயரத் தூக்கிப் பிடிங்களேன். சிக்னல் கிடைக்கலாம்."

ஹாலில் ஸ்டூல் போட்டு ஏறினார். அவள் உள்ளே போனாள். ஏதோ உருட்டும் சத்தம். பிறகு கதவிடுக்கில் முகம் தெரிந்தது.

"வந்துடுச்சு. அப்படியே நில்லுங்க. அசையாதீங்க. மூச்சு விடலாம்."

கதவு மூடிக்கொண்டது.

தோள் கடுத்தது. மூக்கு அரித்தது. யாரோ அழைப்பு மணியை அடித்துவிட்டுப் போனார்கள். அவர் அசையவில்லை. உள்ளே மனைவி மாடிப்படிக்கும் ஜன்னலுக்கும் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தத் தெளிந்த குரலைக் கேட்டு எத்தனை காலமாயிற்று. அவருக்குக் கண் கலங்கியது. துடைக்கக் கை இல்லை.

கதவு திறந்தது.

"அடுத்த வாரமே சேரச் சொல்லிட்டாங்க" என்றாள். "நீங்க மட்டும் அசையாம நிக்கலேன்னா இந்த வேலை கிடைச்சிருக்காது."

"நான் என்ன பண்ணேன்? சும்மா நின்னேன்."

"அதுதாங்க பெரிய உதவி."

அவர் நெகிழ்ந்து நிற்கும்போதே பக்கத்து வீட்டு அக்கா உள்ளே வந்தாள்.

"வேலை கிடைச்சுதா? ரொம்ப சந்தோஷம். ஜன்னல் வழியா குடுத்தேனே என் போன், அதைக் கம்ப்யூட்டர்லேருந்து கழட்டிக் குடும்மா. என் சிம்முக்கு இங்கேயும் நெட் நல்லா வந்துச்சுல்ல?" என்றவள், அண்ணாந்து பார்த்தாள். "பேசி முடிக்கிற வரைக்கும் எதையும் தொடாம இருக்கட்டும்னுதானே இவரை ஏத்தி விட்டே? இன்னுமா இறக்கி விடலை?"