சம்பந்தியின் பச்சை இறால்

அன்புள்ள டொமிதிலா அக்காவுக்கு,

சகாடெகாஸிலிருந்து தம்பி ஹசிந்தோ வணக்கத்துடன் எழுதுவது. கன்னி மரியாளின் கருணையால் நானும் எல்வீராவும் ஆடுகளும் நலம். சிகாகோக் குளிரில் உன் முழங்கால்கள் எப்படி இருக்கின்றன? அவை ஒத்துழைத்திருந்தால் என் மகள் நெரெய்தாவின் கல்யாணத்துக்கு நீயே வந்திருப்பாய், இந்தக் கடிதமும் மிச்சமாகியிருக்கும்.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. மாப்பிள்ளை மஸாத்லான் கடற்கரைக்காரன், தங்கமான பையன். அவன் அப்பா ஃபிதென்சியோதான் சிக்கல். நம் மலை மெஸ்கால் சாராயத்தைப் பயபக்தியோடு ஊற்றிக் கொடுத்தேன், மனிதர் மூக்கருகே கொண்டுபோய், "என்ன சம்பந்தி, புகை வாடை அடிக்குது? அடுப்படியில ஏதாவது தீப்பிடிச்சிருக்கா?" என்று கூடத்துக்கே கேட்கும்படி சொன்னார். அவர் லாரியில் ஏற்றி வந்த பீரில் ஒரு மடக்குக் குடித்துவிட்டு நானும், "இது குடிக்கவா, கை கழுவவா?" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். பயந்துவிட்டான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று அவர் என் மெஸ்காலையும் நான் அவர் பீரையும் குடிக்க ஆரம்பித்து, பேண்டு வாத்தியம் முழங்க, மணமக்கள் ஓரமாக ஒதுங்கி நிற்க, நாங்கள் இருவரும் கட்டிப்பிடித்து வால்ஸ் ஆடினோமாம். எனக்கு நினைவில்லை.

மறுநாள் விருந்துக்கு எல்லாரும் கூடியபோது அந்த பேண்டு என் தலைக்குள் இன்னும் வாசித்துக்கொண்டிருந்தது. எல்வீரா விடிய விடியக் கொதிக்க வைத்த மாட்டுக் குடல் சூப்பைச் சம்பந்தி முன்னால் வைத்தேன். குடித்த மறுநாளுக்கு அதைவிட வேறென்ன மருந்து? அவரோ கண்ணைத் திறக்காமலே, "காலங்காத்தால குடலா? எங்க ஊர்ல எலுமிச்சைச் சாறுல ஊறுன பச்சை இறாலு, கூட பச்ச மிளகா. ஒரு வாய் போட்டா செத்தவன் எந்திரிப்பான்" என்றார்.

"எந்திரிச்சு, மறுபடி செத்துருவான்" என்றேன் நான்.

பீரோடு சேர்த்து லாரியில் ஐஸ் போட்டு அவர் கொண்டுவந்திருந்த இறால் தட்டோடு நெரெய்தா வந்து நின்றாள். "அப்பா, நீங்க இறால் சாப்பிடுங்க. மாமா, நீங்க சூப் குடிங்க. இதுக்கு மேல சத்தம் வந்துச்சு, நாங்க இப்பவே பஸ் ஏறிடுவோம்."

எப்படியும் சாயங்காலம் ஏறத்தான் போகிறார்கள், அக்கா. மாப்பிள்ளைக்குத் துறைமுகத்தில் வேலை, குடித்தனமும் அங்கேதான். எல்லாம் தெரிந்ததுதான், ஆனால் அதுவரை உறைக்கவில்லை. இறாலை வாயில் போட்டேன், கண்ணில் தண்ணீர் கொட்டிவிட்டது. பச்சை மிளகாய், வேறொன்றுமில்லை. துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. மூன்றாவது கிண்ணம் சூப்பில் இருந்த ஃபிதென்சியோ கரண்டியை வைத்துவிட்டு என் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டார். "மூணு பொண்ணுகளக் கட்டிக் குடுத்தவன் நான், சம்பந்தி. அடிக்கடி கடல் பக்கம் வாங்க" என்றவர், மற்றவர்கள் காதில் விழும்படி, "காரம் ஜாஸ்திதான். தண்ணி குடிங்க" என்றார்.

பஸ் புறப்பட்டபோது எனக்குத் தலைவலி இல்லை. இறாலால்தான் என்று மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. எல்லாப் புனிதர்களும் உன் வாசலில் காவல் நிற்கட்டும்.

உன் தம்பி,
ஹசிந்தோ

பி.கு.: அண்ணி, நான் எல்வீரா. உறையை ஒட்டுமுன் படித்துப் பார்த்தேன். இவருக்கு வயிற்றுப் புண் என்று நெரெய்தா சொல்லி, இவர் தட்டில் மட்டும் மிளகாய் போடவே இல்லை. காலையில் அந்த இறாலைக் கலந்து கொடுத்தவரே சம்பந்திதான்.